தனியாக ஒரு நாள், கடலோர வீதியில்: கீரிமலை முதல் மணற்காடு வரை எப்படிப் போகலாம்?

பாடுமீன் (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். ஆடி மாதத்தில் ஒரு பயிற்சிக்காக யாழ்ப்பாணம் வருகிறேன். பயிற்சி வெள்ளியோடு முடிகிறது, ஞாயிறு காலை திரும்பும் பஸ். நடுவில் சனிக்கிழமை முழுக்க என்னுடையது. கோட்டை, நல்லூர், நூலகம் எல்லாம் முன்பே பார்த்துவிட்டேன். இந்த முறை கடலை ஒட்டிய வீதியில் போக ஆசை. தனியாகத்தான் போகப் போகிறேன். ஸ்கூட்டி ஓடுவேன், அனுமதிப்பத்திரம் இருக்கிறது.

வரைபடத்தில் மேற்கே குறிகட்டுவான், கசூரினா. வடக்கே கீரிமலை, காங்கேசன்துறை. அப்புறம் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, மணற்காடு. ஒரே நாளில் எவ்வளவு முடியும்? எங்கே தொடங்கினால் நல்லது? பெண் ஒருத்தி தனியே போகக்கூடாத இடம் இருந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பண்ணைக்காற்று (யாழ்ப்பாணம்)

கடல்தான் வேண்டுமென்றால் தீவகத்தை, அதுதான் மேற்கே உள்ள தீவுகளை, விடாதீர்கள். பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே இரண்டு பக்கமும் தண்ணீர். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே போகும்போது வீதி கடலுக்குள் நேரே இறங்குவது போலவே இருக்கும். குறிகட்டுவானில் வண்டியை விட்டுவிட்டு நயினாதீவுப் படகு ஏறலாம். நாகபூசணி அம்மனையும் நாக விகாரையையும் பார்த்துத் திரும்பலாம். அப்படியே ஊர்காவற்றுறைக்கு வந்து ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் வண்டியோடு காரைநகருக்குக் கடந்தால் நடுக்கடலில் நிற்கும் கடற்கோட்டையையும் பார்த்துவிடலாம். பாதை ஓடுகிறதா என்று முதல்நாளே கேட்டு வையுங்கள். கசூரினாவில் பின்னேரம்.

வெள்ளன வெளிக்கிட்டால் முதலில் கீரிமலைக்கும் போய்வரலாம். நான் என்றால் அப்படித்தான் செய்வேன்.

வடமராட்சியான்

பண்ணைக்காற்று தம்பி சொன்ன இடங்கள் ஒவ்வொன்றும் பொன்னான இடம். ஆனால் தீவகமும் வடகரையும் ஒரே நாளில் சரிவராது. நயினாதீவுக்குப் படகு நிறையும் வரை காத்திருக்க வேண்டும், கோயிலில் நிற்க வேண்டும், திரும்பவும் படகுக்குக் காத்திருக்க வேண்டும். அரை நாள் அதிலேயே போய்விடும். அதற்கு முன்னால் கீரிமலைக்கு ஓடிப்போய் ஓடிவந்தால் பிள்ளைக்குக் கடலைப் பார்த்த நினைவு இராது, வண்டி ஓடிய நினைவுதான் இருக்கும்.

என் கருத்து, வடகரையை மட்டும் எடுங்கள் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 18 கிலோமீற்றர். அங்கிருந்து கரைப்பக்கமாகப் பருத்தித்துறை 30 கிலோமீற்றருக்குள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் திரும்ப 33. மணற்காட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட நூறு. ஸ்கூட்டிக்கு இது ஆறுதலான தூரம்.

எங்கே தொடங்குவது என்பதற்குக் காற்றைத்தான் கேட்க வேண்டும். எங்கள் கரையில் தொழில் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் காற்றை வைத்தே சொல்வார்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து வீசும். ஐப்பசிக்குப் பிறகு வாடை, வடகிழக்கிலிருந்து. நீங்கள் வருவது ஆடியில். சோளகம் முழு வீச்சில் நிற்கும் நேரம். அதனால் கீரிமலையில் தொடங்கிக் கிழக்கே போங்கள். காற்று முதுகுப்பக்கம் இருக்கும். அதோடு சோளகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் வடகரைக் கடல் அந்த மாதங்களில் அடங்கியிருக்கும். மார்கழியில் என்றால் தலைகீழ்: பருத்தித்துறையில் தொடங்கி மேற்கே வரவேண்டும். அப்போது கடல் இரைந்துகொண்டிருக்கும், அது வேறொரு அழகு.

இரட்டைச்சில்லு

ஐயா சொன்னதை வரிக்கு வரி ஆமோதிக்கிறேன். இந்தக் கரையில் சைக்கிள் ஓடுகிறவன் நான். ஸ்கூட்டியில் போகிறவர்களுக்குக் காற்றின் அருமை பாதிதான் தெரியும். ஆடியில் பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறைப் பக்கம் மிதித்துப் பாருங்கள், தொடை சொல்லும்.

ஒரு கேள்வி மட்டும். காலையில் கிழக்கு நோக்கிப் போனால் வெயில் முகத்தில் அடிக்காதா?

வடமராட்சியான்

நல்ல கேள்வி தம்பி. வெயில் தாழ நிற்கும் நேரத்தில் பிள்ளை கீரிமலைக் கேணியில் இருக்க வேண்டும். கிழக்கே திரும்பும்போது சூரியன் மேலே ஏறியிருக்கும். மத்தியானத்துக்குப் பிறகு அது முதுகுக்குப் போய்விடும். மணற்காட்டுக் கரை கிழக்குப் பார்த்தது. நாலு மணி வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்தக் கடல் எடுக்கும் நீலத்தைக் காலையில் போகிறவர்கள் பார்க்க முடியாது.

கீரிமலைக்காரி

தங்கச்சி, ஐயா வழி சொல்லிவிட்டார். எங்கள் ஊரைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆறரை மணிக்குக் கேணிக்கு வந்துவிடுங்கள். பெண்களுக்குத் தனிக் கேணி, சுற்றிச் சுவர் உண்டு. மாற்றுடுப்பும் துவாயும் கொண்டு வாருங்கள். ஆண்களின் கேணி திறந்தவெளியில் கடலோடு ஒட்டி இருக்கிறது. ஒரு கட்டுத்தான் இடையில். கட்டுக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். குளிர்ந்த தண்ணீர். படிகளில் பாசி பிடித்திருக்கும், கைப்பிடியை விடாமல் இறங்குங்கள்.

பக்கத்திலேயே நகுலேஸ்வரம். ஈழத்தின் பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இந்தத் தீர்த்தத்தில் நீராடி முகம் மாறினார் என்பது ஐதீகம். குதிரைமுகம் நீங்கப்பெற்ற மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசிதான் மாவிட்டபுரம் கந்தனுக்குக் கோயில் எடுத்தாள் என்பார்கள். வரும் வழியில் மாவிட்டபுரம் கோபுரத்தைக் காண்பீர்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆடி அமாவாசை உங்கள் சனிக்கிழமையில் விழுந்தால் மட்டும் திட்டத்தை மாற்றுங்கள். தகப்பனை இழந்தவர்கள் தர்ப்பணம் செய்ய ஆயிரக்கணக்கில் வரும் நாள் அது. வேடிக்கை பார்க்கிற நாள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990இல் யுத்தத்தால் எங்கள் பகுதியான வலிகாமம் வடக்கு முழுக்க இடம்பெயர்ந்தது. எங்கள் வீடும் தான். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம். கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகளை விட்டார்கள், இன்னும் முழுதாக விடவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் வந்தது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் கடலைப் பார்க்காமல் முகாம்களில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். வீதியோரம் கூரையில்லாத வீடுகளைப் பார்ப்பீர்கள், உள்ளே மரம் வளர்ந்திருக்கும். படம் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் அவற்றின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டு எடுக்கிறார்கள். அவற்றில் சிலவற்றின் சொந்தக்காரர் இரண்டு வீடு தள்ளித் தகரக் கொட்டிலில் இருக்கிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பாடுமீன்

அக்கா, நீங்கள் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன். எங்கள் பக்கத்திலும் அப்படியான வீடுகள் உண்டு. கட்டாயம் நினைவில் வைத்திருப்பேன். தீவகத்தை இன்னொரு பயணத்துக்கு வைத்துவிட்டேன், பண்ணைக்காற்று கோபிக்கக்கூடாது.

கேணிக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கடல் ஒரு கை தூரத்தில் இருக்கும்போது உப்பாகாமல் எப்படி?

கல்லும் நீரும்

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன், இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். ஆறு இல்லாத ஊர் இது. மாரியில் விழும் மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள்ளும் பொந்துகளுக்குள்ளும் இறங்கித் தேங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது, நடுவில் தடித்தும் கரைப்பக்கம் மெலிந்தும். கரையில் கல் வெடித்த இடத்தில் அது ஊற்றாக வெளியே வருகிறது. கீரிமலை அப்படியான ஓர் ஊற்று. புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணறும் இதே கல்லின் வேலைதான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு.

அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். அதனால்தான் இங்கே கிணறு நம் உயிர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கும் இந்தக் கல்லைத்தான் வெட்டினார்கள். 1990இல் அது நின்றுபோனது, வெட்டிய பெரும் பள்ளங்கள் இன்னும் அந்தப் பக்கம் கிடக்கின்றன.

கீரிமலையிலிருந்து வல்வெட்டித்துறை வரை கரையில் மணல் குறைவு, முருகைக்கல்லும் பாறையும்தான். செருப்பு வேண்டாம், பின்னால் பட்டி உள்ள சாண்டல் போட்டு வாருங்கள்.

காவிரிக்கரை (நாகப்பட்டினம்)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியதிலிருந்தே எனக்கும் இந்த ஆசை. எங்கள் கரையில் நின்று பார்த்தால் எதிரே இருக்கிற ஊர் அது. தை மாதம் வர நினைக்கிறேன். இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து அங்கே ஸ்கூட்டர் ஓட்டலாமா?

இரட்டைச்சில்லு

வாருங்கள் அண்ணா. இந்திய உரிமம் மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி எடுக்க வேண்டும். சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டு வந்தாலும் இங்கே அதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் ‘பரவாயில்லை, ஓடுங்கள்’ என்பார். விபத்து என்று வந்தால் அவர் வரமாட்டார். இந்த அலைச்சல் வேண்டாமென்றால் சைக்கிள் எடுங்கள், அதற்கு ஒரு கடதாசியும் தேவையில்லை. வல்வெட்டித்துறை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து பருத்தித்துறைக்குக் கரையோரம் மிதித்தால் எட்டு கிலோமீற்றர் வரும். முழுக் கரையிலும் எனக்கு மிகப் பிடித்த துண்டு அது. ஆனால் கப்பல் வானிலையைப் பார்த்துத்தான் ஓடும். வாடைக் காலத்தில் நிறுத்திவைப்பார்கள். டிக்கெட்டைப் போட்டுவிட்டுத் திகதியை இறுக்கிக் கட்டாதீர்கள்.

வடமராட்சியான்

இனிக் கிழக்குப் பக்கம். மயிலிட்டிக்கு அப்பால் பலாலி விமான நிலையம் வருகிறது. அந்தப் பகுதியில் எந்த வீதி திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். வசாவிளான்–பலாலி வீதியே 2025 ஏப்ரலில்தான் திறந்தது. கைபேசி வரைபடம் நேரே போகச் சொல்லும், அதை நம்பாதீர்கள். மயிலிட்டித் தேத்தண்ணிக் கடையில் கேளுங்கள், அன்றைய நிலைமையைச் சரியாகச் சொல்வார்கள். சந்தேகமாக இருந்தால் தெல்லிப்பழைக்கு இறங்கி அச்சுவேலி ஊடாகத் தொண்டைமானாற்றுக்கு வந்து சேரலாம், பெரிய நட்டமில்லை. வழியில் செம்மண் தோட்டங்கள், வெங்காயம், வாழை, புகையிலைக் கொட்டில்கள் எல்லாம் பார்க்கலாம். முகாம் உள்ள இடங்களில் நிற்கவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம்.

மத்தியானம் சந்நிதியில் இருங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன், அன்னதானக் கந்தன் என்பார்கள். பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரம் இல்லாமல் பூசை செய்வார். கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் மதியச் சோறு உண்டு. யார், எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். தனியாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாட்டு இடம் எனக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு அங்குள்ள கடல்நீரேரிக் கரை மரநிழலில் ஒரு மணித்தியாலம் இருங்கள். ஆடி வெயிலில் மத்தியானம் வண்டி ஓடக்கூடாது.

அடுத்தது வல்வெட்டித்துறை. இங்கே அவசரப்படாதீர்கள். இந்த ஊர் கடலோடிகளின் ஊர். இங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, இவ்வூர் மாலுமிகளே ஓட்டிப்போய், 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய்மரத்தில், சுயெஸ் கால்வாய் தாண்டி, அத்திலாந்திக்கையும் தாண்டி! நீந்துகிறவர்களும் இங்கேதான். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய், நீந்தியே திரும்பவும் வந்தார். கரையில் ஒரு வயதான சம்மாட்டியாரை (வள்ள முதலாளியை) கண்டால் இந்தக் கதைகளைக் கேளுங்கள். நான் சொல்வதைவிட நூறு பங்கு நன்றாகச் சொல்வார்.

பருத்தித்துறைக்குப் போகும் வழியில் சக்கோட்டை முனை. இலங்கையின் வடக்கு நுனி பருத்தித்துறை என்று பலர் எழுதுகிறார்கள். நுனி இந்த முனைதான். அடையாளம் வைத்திருக்கிறார்கள்.

பண்ணைக்காற்று

கோபமில்லை, பாடுமீன். ஐயா எழுதியதை வாசித்த பிறகு நானே வடகரைக்கு வெளிக்கிட வேண்டும் போலிருக்கிறது. பருத்தித்துறையில் தட்டை வடையை மறக்காதீர்கள். உளுந்தும் மாவும் மிளகாயும் சேர்த்து மெல்லிசாகத் தட்டிப் பொரிப்பார்கள். வீட்டுக்கு வாங்கிப் போனாலும் நொறுநொறுப்பு குறையாது. தெருமூடி மடத்தையும் பாருங்கள். வீதிக்கு மேலேயே கூரை, கல் தூண்கள், இரண்டு பக்கமும் திண்ணை, நடுவால் வாகனம் போகும். நடந்து வந்தவர்கள் இளைப்பாறக் கட்டியது. வெளிச்சவீடு 1916இல் கட்டியது, அதை வெளியில் நின்றே பார்க்கலாம்.

கீரிமலைக்காரி

தனியே போவது பற்றி ஒருவரும் நேரே பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பகலில் இந்த வீதி முழுக்க எனக்குப் பயமில்லை. கோயில், சந்தை, மீன்துறை என்று எங்கும் பெண்கள் இருப்பார்கள். ‘தனியாகவா வந்தனீங்கள்? வீட்டில் ஒருத்தரும் வரேல்லையோ?’ என்று கட்டாயம் கேட்பார்கள். அக்கறையில் கேட்பதுதான். சிரித்துப் பதில் சொன்னால் தேத்தண்ணி வரும்.

மணற்காட்டில் மட்டும் கவனம். சவுக்குக் காட்டுக்குள் தனியே நெடுந்தூரம் போகாதீர்கள், ஐந்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். அங்கே வீதியில் மணல் ஏறிக் கிடக்கும், ஸ்கூட்டியின் முன்சில்லு சறுக்கும். முன்பிறேக்கைப் பிடிக்காமல் காலை ஊன்றி மெதுவாகப் போங்கள். கடலில் இறங்க வேண்டாம், சட்டென்று ஆழம். தங்குமிடத்தில் போகும் வழியைச் சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கள். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

கல்லும் நீரும்

மணற்காட்டுக்குப் போகும் வழியில் வல்லிபுர ஆழ்வார் கோயில். மூலத்தானத்தில் சக்கரம்தான் மூர்த்தி. புரட்டாதித் திருவிழாவில் ஆழ்வார் கடலுக்குப் போய்த் தீர்த்தமாடும் நாளில் வடமராட்சி முழுதும் அந்த மணலில் நிற்கும். 1936இல் இங்கே ஒரு பொன்னேடு கிடைத்தது. பிராமி எழுத்தில், அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தது, யாழ்ப்பாணத்தின் பழைய பெயரான நாகதீபத்தைக் குறிப்பிடுகிறது. இந்த மணலுக்கடியில் ஓர் ஊர் இருந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி அது.

மணற்குன்றுகளின் மேல் ஏறிக் கரையைச் சரிக்காதீர்கள், தடம் இருக்கும் பக்கமாக ஏறுங்கள். மணல் அள்ளி அள்ளியே பாதி போய்விட்டது. கரைக்கு அரண் அந்தக் குன்றுகள்தான்.

பாடுமீன்

போய்விட்டு வந்தேன்! பயிற்சி, பஸ் எல்லாம் முடிந்து இப்போதுதான் இருந்து எழுதுகிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடியவே வெளிக்கிட்டு ஆறரைக்குள் கீரிமலையில் நின்றேன். பெண்கள் கேணியில் எனக்கு முன்னால் இரண்டு ஆச்சிகளும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையும். முதற்படியில் கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது, அவ்வளவு குளிர். வாயில் பட்டபோது மெல்லிய உவர். கடல் சுவருக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டே இருந்தது. ஓர் ஆச்சி என் முதுகைத் தேய்த்துவிட்டார், நான் கேட்கவேயில்லை.

மயிலிட்டியில் நான் நினைத்ததைவிட அதிக நேரம் நின்றுவிட்டேன். படகுகள் வந்துகொண்டிருந்தன. வலையை மடியில் போட்டு இரண்டு பேர் சூடை மீனை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். செவுளைப் பிடித்து ஒரு சுண்டு, மீன் கூடைக்குள், கண்ணி முழுதாக வலையில். கண்ணி அறுந்தால் அன்றைய உழைப்பில் அது போய்விடும் என்றார் ஒருவர். பக்கத்தில் அறக்குளா மீன் ஏலம் போனது. கூறுகிறவர் விலையைப் பாட்டுப் போல ஏற்றிக்கொண்டே போனார், வாங்குகிறவர்கள் தலையை மட்டும் அசைத்தார்கள். எனக்கு யார் வாங்கினார் என்றே விளங்கவில்லை, அவர்களுக்குள் எல்லாம் விளங்கியது.

துறைமுகத்தின் ஒரு பக்கம் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் கட்டிக் கிடக்கின்றன. வலை கழற்றிய அண்ணை கோபமில்லாமல்தான் சொன்னார்: ‘அவங்களும் எங்கட ஆக்கள்தான் தங்கச்சி. ஆனால் அந்த இழுவை வலை கடலடியையே வழிச்சுக்கொண்டு போகுது. எங்கட வலையையும் சேர்த்து.’ காவிரிக்கரை, நீங்கள் வந்தால் அந்தத் துறையில் கொஞ்ச நேரம் இருங்கள். இரண்டு கரையும் பேசிக்கொள்ள வேண்டிய விசயம் அது.

பலாலிப் பக்கம் கடைக்காரர் கைகாட்டிய வழியால் வந்து அச்சுவேலியூடாகச் சந்நிதிக்குப் போனேன். சாம்பாறு, பூசணிக்காய், மோர். பக்கத்திலிருந்த அம்மா என் இலையைப் பார்த்துப் பார்த்து ‘இன்னும் போடுங்கோ, தூரத்துப் பிள்ளை’ என்றார்.

வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் இரட்டைச்சில்லு சொன்ன அந்தத் துண்டு, அதை எப்படி எழுதுவது? ஒரு பக்கம் வீடுகளின் மதில், மறுபக்கம் கடல், நடுவில் வீதி மட்டும். மதிலில் வலை காய்கிறது, கடற்பக்கம் வள்ளங்கள் தூங்குகின்றன. சோளகம் முதுகில் தள்ள, வண்டியை இருபதுக்கு மேல் நான் முறுக்கவேயில்லை. அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குக் கடல் முற்றம். நான் அவர்கள் முற்றத்தால் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு இருந்துகொண்டே இருந்தது, அக்கா சொன்னதாலோ என்னவோ.

மணற்காட்டில் பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்கள் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. கல்லறைகளும் அருகில். 2004 ஆழிப்பேரலையில் எங்கள் கரையும் அழிந்தது, அதனால் அங்கே அதிகம் பேசாமல் நின்றேன். ஐயா சொன்ன நாலு மணி நீலம் உண்மை. ஐந்துக்கு முன் வெளிக்கிட்டு வல்லிபுரத்தில் பூசை பார்த்துத் திரும்பினேன்.

ஒரு விடயம் நீங்கள் யாரும் சொல்லவில்லை, அடுத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். நெல்லியடி தாண்டியதும் வரும் வல்லைவெளியில் காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. ஸ்கூட்டி இலேசான வண்டி, பாலத்தில் என்னை ஓரத்துக்குத் தள்ளப் பார்த்தது. பெரிய பஸ் முந்தும்போது இன்னும் மோசம்.

வடமராட்சியான்

வாசிக்க மனம் நிறைந்தது பிள்ளை. வல்லைவெளியைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. ஊரவர்கள் முனியப்பர் கோயிலடியில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த நிறுத்தத்தில் வண்டியும் மனிசரும் ஆறுகிறார்கள், அதன்பிறகு நிதானமாக ஓடலாம். சோளகம் முற்றும் நாட்களில் பாலத்தில் முப்பதுக்கு மேல் வேண்டாம். பஸ் வருவது கண்ணாடியில் தெரிந்தால் முன்கூட்டியே ஓரமாகி வழிவிடுங்கள்.

காவிரிக்கரை (நாகப்பட்டினம்)

பாடுமீன் அக்கா, மயிலிட்டி பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் ஊரிலும் சிறுதொழில் செய்கிறவர்கள் இழுவை வலையால் பாதிக்கப்பட்டவர்கள்தான். வந்தால் அந்த அண்ணாவைத் தேடிப் பிடிப்பேன். நான் தையில் வருவதால் எனக்கு எந்தத் திசை?

இரட்டைச்சில்லு

உங்களுக்குத் தலைகீழ் அண்ணா. வாடை வீசும், அதனால் கிழக்கில் தொடங்கி மேற்கில் முடியுங்கள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 750ஆம் இலக்கப் பஸ் ஏறினால் பருத்தித்துறை. அங்கே சைக்கிள் எடுத்து வல்வெட்டித்துறைக்கு வாருங்கள். தைப்பொங்கலன்று வந்தால் உதயசூரியன் கடற்கரையில் பட்டத் திருவிழா. கப்பல், பாம்பு, விமானம் என்று ஆளுயரத்துக்கு மேல் கட்டிய பட்டங்கள் வாடையில் ஏறும். அன்று கரையில் கால் வைக்க இடமிருக்காது, பத்து மணிக்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். மறுநாள் கீரிமலை. வாடையில் அலை கட்டைத் தாண்டிக் கேணிக்குள்ளும் தெறிக்கும், அதனால் ஓரப்படியில் கைபேசியை வைத்துவிட்டு இறங்காதீர்கள். பனங்கிழங்கும் அந்த மாதத்தில்தான், வீதியோரம் அவித்து வைத்திருப்பார்கள். நாரை உரித்து, நடுத்தும்பை எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.